டோட்டா 2 ரேங்க்டு ரிவ்யூ: செகண்ட் ஐடி போட்டு அடிக்கிறவங்களை இந்த கேம் என்ன பண்ணுது

கிராபிக்ஸ் எப்படி, எந்த ஹீரோ ஸ்ட்ராங், லேப்டாப்ல ஓடுமா, இதெல்லாம் நான் எழுதப் போறதில்ல, அதுக்கு ஏகப்பட்ட ரிவ்யூ ஏற்கனவே இருக்கு. டோட்டா 2ன்னா அஞ்சு பேர் அஞ்சு பேரா ரெண்டு டீம் மோதிக்கற ஆன்லைன் கேம், இது அதோட ரேங்க்டு மோட் (ஜெயிச்சா தோத்தா ரேங்க் ஏறி இறங்கற ஆட்டம்) பத்தி மட்டும், அதுலயும் ஒரே ஒரு விஷயத்தைப் பத்தி. நல்லா ஆடத் தெரிஞ்சவன் புதுசா ஒரு ஐடி போட்டுக்கிட்டு கீழ் ரேங்க்ல இறங்கி கத்துக்குட்டிங்களைப் போட்டு பொளக்குறானே, அந்த ஸ்மர்ஃபிங், அதை இந்த கேம் எந்த அளவுக்குத் தடுக்குது, எங்க கோட்டை விடுது, அவ்ளோதான். ஒரு ஆன்லைன் கேம்ல ரேங்க்டு பக்கம் போலாமா வேணாமான்னு முடிவு பண்ண எனக்கு இதுதான் முதல் கேள்வி, ஏன்னா மேட்ச் மேக்கிங் சரியில்லன்னா மத்தது எவ்ளோ அழகா இருந்தாலும் அதுல உக்காந்து ஆடுற நேரம் வேஸ்ட்.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். டீமா ஆடுற பெரிய கேம்கள்ல இந்த விஷயத்துல டோட்டாதான் எனக்குப் பிடிச்சிருக்கு, அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காரணம் போன் நம்பர் கேக்குறதோ நூறு மணி நேரம் ஆட வைக்கிறதோ இல்ல, தண்டனை செகண்ட் ஐடியோட நிக்காம மெயின் ஐடி வரைக்கும் போகுது, அதுதான். அந்த ஒரு மார்க்கை ஏன் பிடிச்சு வச்சேன்னு கீழ சொல்றேன், அது சின்ன விஷயம் இல்ல.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஷூட்டர் கேம் ஆடிட்டு இருந்தேன், பேர் வேணாம். அதுல ராத்திரி நேரத்துல ரேங்க்டு போட்டா எதிர் டீம்ல ஒருத்தன் லெவல் கம்மியா, பேரே ஏதோ கீபோர்டுல கைய வச்சு தேச்ச மாதிரி இருக்கும், ரவுண்டு ஆரம்பிச்சு நாம ஒரு மூலையைத் திரும்புறதுக்குள்ள தலையில ஒண்ணு விழும், அதுக்கப்புறம் சேட்ல வந்து "என்ன ப்ரோ இது கூட தெரியலையா"ன்னு கிண்டல் வேற. ரிப்போர்ட் அடிச்சா "நன்றி, பரிசீலிக்கிறோம்"னு ஒரு மெசேஜ், அதோட சரி. அதே ஐடி மறுநாளும் வரும். நான் மட்டும் இல்ல, என்கூட ஆடிட்டு இருந்த ரெண்டு மூணு பேர் அந்த கேமையே தூக்கிப் போட்டுட்டாங்க, அவங்க யாரும் தோத்ததுக்காகப் போகல, தோத்துட்டு எதுவும் கத்துக்க முடியலன்னுதான் போனாங்க. இந்த வித்தியாசம் நிறைய பேருக்குப் புரியல. நம்ம லெவல்ல இருக்கறவன்கிட்ட தோத்தா எங்க தப்பு பண்ணோம்னு தெரியும், ரெண்டு நாள்ல திருத்திக்கலாம். நம்மளவிட பத்து படி மேல இருக்கறவன்கிட்ட தோத்தா என்ன நடந்துச்சுன்னே தெரியாது.

சரி டோட்டாவுக்கு வரேன். ஸ்மர்ஃப் ஒருத்தன் டோட்டால எவ்ளோ நாசம் பண்ண முடியும்னு தெரியணும்னா மிட் லேனைப் பாக்கணும். ஆடாதவங்களுக்காக சுருக்கமா: மேப்ல டாப், மிட், பாட்டம்னு மூணு பாதை, அதான் லேன். முப்பது செகண்டுக்கு ஒரு தடவை ரெண்டு பக்கமும் க்ரீப் கூட்டம் (கம்ப்யூட்டர் ஓட்டற சின்ன சிப்பாய்ங்க) வரும், அதுல கடைசி அடி யார் அடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் கோல்டு, ஐட்டம் வாங்கற காசு. பத்து நிமிஷத்துல ஒரு லேன்ல சுமாரா எண்பது சொச்சம் க்ரீப் வரும். கீழ் ரேங்க்ல இருக்கற ஒருத்தர் அதுல பாதி எடுத்தாலே அன்னிக்கு நல்லா ஆடினாருன்னு அர்த்தம். மேல் ரேங்க்காரன் கிட்டத்தட்ட எல்லாத்தையும் எடுப்பான், அது மட்டும் இல்ல, தன் பக்க க்ரீப் உயிர் பாதிக்குக் கீழ போனதும் அதையும் தானே அடிச்சுக் கொன்னு நமக்கு வர வேண்டிய எக்ஸ்பீரியன்ஸையும் குறைப்பான், டெனைன்னு சொல்லுவோம். க்ரீப் எங்க நிக்கணும்னு கூட அவன்தான் முடிவு பண்ணுவான், எப்பவும் அவன் டவர் பக்கத்துலயே சண்டை நடக்கும், நாம கிட்ட போனா டவர் அடிக்கும், போகலன்னா கோல்டு இல்ல. ஆறாவது லெவல் அவனுக்கு வரும்போது நமக்கு நாலு. அப்புறம் என்ன, நேரா வந்து அடிச்சுட்டுப் போவான், அடுத்தது பாட்டம் லேன், அடுத்தது டாப்.

மீபோன்னு ஒரு ஹீரோ இருக்கு. அதை எடுத்தா ஒரே நேரத்துல மூணு நாலு உருவத்தை ஒரே ஆள் ஓட்டணும், அதுல ஒண்ணு செத்தாலும் எல்லாம் காலி. ஒழுங்கா ஓட்ட நிறைய நாள் பிராக்டிஸ் வேணும், டோட்டாலயே கஷ்டமான ஹீரோக்கள்ல ஒண்ணு. இப்போ எதிர்ல ஒருத்தன் ப்ரொஃபைல்ல மொத்தமே கொஞ்சம் மேட்ச்தான் இருக்கு, ஆனா மீபோ எடுத்து ஒரு உருவத்தால வலை வீசிப் புடிச்சு, மத்ததெல்லாம் வரிசையா பூஃப்ங்கற இடம் தாவற ஸ்பெல் அடிச்சு ஒரே இடத்துல வந்து விழுந்து, நாம அசையாம நிறுத்தற ஸ்டன் போட கை வைக்கறதுக்குள்ள முடிச்சுட்டு அடுத்த செகண்டு நாலும் நாலு இடத்துல ஃபார்ம் பண்ணப் போயிடுதுன்னா, அவன் புது ஆள் இல்லன்னு சொல்ல ஒரு எக்ஸ்பர்ட் தேவையில்ல. ஆர்க் வார்டன், ஹஸ்கர், ப்ரூட்மதர் இவங்களும் இதே லிஸ்ட்தான், தனியாளா ஒரு மேட்ச்சையே தூக்கிட்டுப் போகக்கூடிய ஹீரோக்கள்.

இதுல இன்னொரு கொடுமை, டோட்டா மேட்ச் ஒண்ணு சாதாரணமா முப்பத்தஞ்சு நாற்பது நிமிஷம் போகும். தனியா கியூ போட்டு வந்தவங்களுக்கு நடுவுல சரண்டர் பட்டன் எல்லாம் கிடையாது, வெளிய போனா அபாண்டன் (பாதில விட்டுட்டு ஓடினது) கணக்குல வந்து நமக்குத்தான் தண்டனை. அதனால பத்து நிமிஷத்துல முடிவு தெரிஞ்சுபோன ஆட்டத்தை மிச்ச அரை மணி நேரம் உக்காந்து பாத்தே ஆகணும். எதிர் டீம் அஞ்சு பேருக்கு மட்டும்தான் நஷ்டம்னு நினைக்காதீங்க, அந்த ஸ்மர்ஃப் கூட இருக்கற நாலு பேருக்கும்தான். அவங்க எதுவும் பண்ணாமலே ஜெயிச்சு ரேங்க் ஏறுவாங்க, அடுத்த மேட்ச்ல அவன் இல்லாம அதே ரேங்க்ல நிக்க முடியாது, சறுக்குவாங்க, கூட இருக்கறவன் திட்டுவான். ஒருத்தன் ஜாலிக்கு ஒன்பது பேரோட சாயங்காலம் போச்சு.

கணக்கா பாத்தா இது இன்னும் தெளிவா தெரியும். ரேட்டிங் சிஸ்டம் எல்லாத்துக்கும் தாய் செஸ்ல இருந்து வந்த ஈலோ முறைதான், இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ உருவாக்கினது, 1960ல அமெரிக்க செஸ் கூட்டமைப்பும் 1970ல உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவும் எடுத்துக்கிட்டது. அதுல ரெண்டு பேருக்கு நடுவுல 400 பாயின்ட் வித்தியாசம் இருந்தா மேல இருக்கறவருக்கு பத்துக்கு ஒண்ணுன்னு வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய 91 சதவீதம். இந்த முறையே ஒரு நம்பிக்கை மேலதான் நிக்குது, ஒரு ஆளோட நம்பர் அவரோட திறமையைக் காட்டுதுங்கற நம்பிக்கை. ஸ்மர்ஃப் பண்றவன் அந்த நம்பரையே பொய்யாக்கிடுறான். நம்பர் பொய்னா அதை வச்சு போடுற மேட்ச்சும் பொய்தான்.

டோட்டால நம்பர் நிலையா இருக்கற ஒருத்தருக்கு ஒரு வெற்றிக்கு சுமார் 25 எம்எம்ஆர் (ரேங்க்கை முடிவு பண்ற ரேட்டிங் பாயின்ட்) ஏறும். ஹெரால்டுல ஆரம்பிச்சு கார்டியன், க்ரூசேடர், ஆர்க்கான், லெஜண்ட், ஏன்ஷியண்ட், டிவைன், இம்மார்ட்டல்னு எட்டு மெடல், நடுவுல ஒரு மெடலுக்கும் அடுத்ததுக்கும் 770 எம்எம்ஆர். ஒருத்தன் தன்னோட உண்மையான இடத்துக்கு ஆயிரம் எம்எம்ஆர் கீழ வந்து உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க. 25, 25ஆ ஏறினா அவன் மேல போக குறைஞ்சது நாற்பது மேட்ச் ஜெயிக்கணும். ஒரு மேட்ச்சுக்கு அஞ்சு பேர், அப்போ எரநூறு பேர் தலா ஒரு தோல்வி வாங்கிட்டு 25 இழக்கணும், அவன் ஒருத்தன் சரியான இடத்துக்குப் போறதுக்கு. அதுவும் அவன் ஒழுங்கா ஏறிப் போனாத்தான். நடுவுல வேணும்னே தோத்து கீழயே நிக்கறவனும் இருக்கான், அவனுக்கு இந்த கணக்கு முடியவே முடியாது.

இதை டோட்டாவை நடத்தற வால்வ் கம்பெனி எப்படி சமாளிக்க ஆரம்பிச்சாங்கன்னா, முதல்ல வாசல்ல பூட்டு. 2017 மே மாசத்துல இருந்து ரேங்க்டு ஆட ஐடியோட போன் நம்பர் இணைக்கணும், ஒரு நம்பருக்கு ஒரு ஐடி, நம்பரை எடுத்துட்டா வேற ஐடில போட மூணு மாசம் காத்திருக்கணும், இன்டர்நெட்ல கிடைக்கிற போலி நம்பர் சர்வீஸ் எல்லாம் செல்லாது. அப்புறம் 2019ல ரேங்க்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சுமார் நூறு மணி நேரம் அன்ராங்க்டு (ரேங்க் கணக்குல வராத சாதா மேட்ச்) ஆடியிருக்கணும்னு வச்சாங்க. கேம் ஃப்ரீ, அதை ஆடற ஸ்டீம் தளத்துல ஐடி போட ஒரு ஈமெயில் போதும், அதனால இந்த பூட்டு தேவைதான். மத்த கேம்லயும், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல லெவல் 30, வாலரண்ட்ல லெவல் 20 வந்தாத்தான் ரேங்க்டு, எல்லாம் இதே ஐடியாதான்.

ஆனா பூட்டு மட்டும் போதாது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஏன்னா பூட்டு இருக்கற இடத்துல சாவி விக்கிறவனும் வந்துருவான். நூறு மணி நேரம் ஆடி ரெடியா வச்ச ஐடியை விக்கிறதே ஒரு வியாபாரமா ஆயிடுச்சு, சில கேம்ல பாட் (தானா ஆடற ப்ரோக்ராம்) வச்சே லெவல் ஏத்துறாங்க. பூட்டை ரொம்ப இறுக்கினா நேர்மையா ஆடுறவன்தான் மாட்டுவான், அதுக்கு ஓவர்வாட்ச் 2 உதாரணம். 2022 அக்டோபர்ல ரிலீஸ் ஆனப்போ எல்லாருக்கும் போன் நம்பர் கட்டாயம்னாங்க, ப்ரீபெய்டு நம்பர் ஏத்துக்க மாட்டோம்னும் சொன்னாங்க, வருஷக்கணக்கா முதல் பாகத்தை காசு குடுத்து வாங்கி ஆடினவங்களே உள்ள போக முடியாம நின்னாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் பழைய ப்ளேயர்ஸ்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த விதியை எடுத்துட்டாங்க. சிஎஸ்கோன்னு சொல்ற கவுண்டர் ஸ்ட்ரைக் ஷூட்டர் வேற வழி எடுத்துச்சு, 2018 டிசம்பர்ல கேமை ஃப்ரீ ஆக்கினாங்க, 2021 ஜூன்ல காசு கட்டி வாங்கற ப்ரைம் இல்லாத புது ஆளுக்கு ரேங்க்கே கிடையாதுன்னு மாத்தினாங்க. காசு கட்டினவன்கூட மட்டும் ஆடணும்னா அது வேலை செய்யும்தான், ஆனா காசு இல்லாத சின்ன பையன் என்ன பண்ணுவான்? டோட்டால அந்த மாதிரி இல்ல, ஒரு ரூபா போடாதவனும் போட்டவனும் ஒரே கியூல நிக்கறாங்க, எனக்கு அது பிடிச்சிருக்கு.

ரெண்டாவது வேலை கணக்குல பண்ணது. 2023 ஏப்ரல்ல 7.33 அப்டேட்ல ரேட்டிங் முறையை க்ளிக்கோவுக்கு மாத்தினாங்க. மார்க் க்ளிக்மேன்னு ஒரு புள்ளியியல் பேராசிரியர் 1995ல செஸ்ஸுக்காக கொண்டு வந்தது. ஈலோல உங்களுக்கு ஒரு நம்பர் மட்டும்தான், க்ளிக்கோல அந்த நம்பரை எவ்ளோ நம்பலாம்னு இன்னொரு நம்பரும் கூடவே இருக்கும். டோட்டால இதை ரேங்க் கான்ஃபிடன்ஸ்னு சதவீதமா காட்டுறாங்க. புது ஐடின்னா கான்ஃபிடன்ஸ் கம்மி, அதனால ஜெயிச்சா 25 இல்ல, தடால்னு பெரிய தாவலா ஏறும். நாற்பது மேட்ச்ல போக வேண்டிய இடத்துக்கு கொஞ்ச மேட்ச்லயே போயிடுவான், எரநூறு பேர் அடி வாங்கறதுக்குப் பதிலா அதுல ஒரு சின்ன பங்குதான் வாங்கும். ரிவ்யூ எழுதற பல பேர் இதைக் கண்டுக்கவே மாட்டாங்க, பேன் நியூஸ் மாதிரி இது பரபரப்பா இல்ல. ஆனா கீழ் ரேங்க்ல ஆடுறவங்களுக்கு தினமும் பாதுகாப்பு குடுக்கறது இந்த கணக்குதான். நிஜமாவே நல்லா ஆடுற புது ஆளுக்கும் இது நல்லது, தேவையில்லாம கீழ கிடக்க வேண்டாம்.

மூணாவதுதான் நான் சொன்ன மெயின் விஷயம். 2023 செப்டம்பர்ல வால்வ் ஒரு அறிவிப்பு விட்டாங்க, கடந்த சில மாசத்துல 90,000 ஸ்மர்ஃப் ஐடியை பேன் பண்ணிட்டோம், அந்த ஒவ்வொரு ஐடியும் எந்த மெயின் ஐடிக்குச் சொந்தம்னு கண்டுபிடிச்சுட்டோம், இனிமே ஸ்மர்ஃப் பண்ணா மெயின் ஐடி மேலயும் கை வைப்போம், பிஹேவியர் ஸ்கோர் (கேம்ல நடந்துக்கற விதத்துக்கான மார்க்) குறையறதுல இருந்து நிரந்தர பேன் வரைக்கும் எதுவும் நடக்கலாம். இதை ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா, அதுவரைக்கும் செகண்ட் ஐடிக்கு மதிப்பே இல்ல, பேன் ஆனா ஆகட்டும் இன்னொண்ணு போட்டுக்கலாம்னு இருந்தாங்க. பல வருஷமா சேத்த ஸ்கின், பல ஆயிரம் மணி நேரம், ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட், மெடல், இதெல்லாம் மெயின் ஐடிலதான் இருக்கு. அது போயிடும்னு தெரிஞ்சா மட்டும்தான் ஒருத்தன் யோசிப்பான். எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு வால்வ் வெளிய சொல்றதில்ல, சொல்லாம இருக்கறதுதான் சரி, சொன்னா அடுத்த நாளே அதுக்கு ஒரு குறுக்கு வழி வந்துரும்.

அதே வருஷம் டிசம்பர்ல ஃப்ராஸ்டிவஸ் கொண்டாட்டம் வந்துச்சு. கேமுக்குள்ள எல்லாருக்கும் கிஃப்ட் குடுக்கற நேரம். சில பேர் ஐடிக்கு ஒரு பார்சல் வந்துச்சு, ஆசையா திறந்து பாத்தா உள்ள கரித்துண்டு, கடும் நச்சுத்தன்மை உள்ள கரின்னு அதுக்குப் பேரு, கூடவே உன் ஐடி பேன்னு தகவல். ஸ்மர்ஃப் பண்ணவங்களும் மத்த மோசடி பண்ணவங்களும் வாங்கின பரிசு அது. அதை பாத்தப்போ மனசுக்கு அவ்ளோ திருப்தியா இருந்துச்சு, ஏன்னா வழக்கமா இந்த மாதிரி தண்டனை எல்லாம் யாருக்கும் தெரியாம நடக்கும், ரிப்போர்ட் அடிச்சவனுக்கு நடந்துச்சா இல்லையான்னு கூட தெரியாது. இங்க ஊருக்கே தெரியற மாதிரி பண்ணாங்க.

ரிப்போர்ட் சிஸ்டமும் பரவாயில்ல. ரிப்போர்ட் ஆன மேட்ச் சில ப்ளேயர்ஸ்கிட்டயே போகும், 2021 ஜனவரில கொண்டு வந்த ஓவர்வாட்ச் வசதி அது, மேல சொன்ன ஓவர்வாட்ச் கேம் இல்ல. குறிப்பிட்ட நேரத்து ரீப்ளேவைப் பாத்து குற்றவாளியா இல்லையா, இல்ல ஆதாரம் போதலையான்னு தீர்ப்பு சொல்லணும். ஆடுறவங்களையே நம்பி இந்த வேலையைக் குடுத்தது நல்ல விஷயம். ஒண்ணு மட்டும் சொல்லணும், ஸ்மர்ஃபை சின்ன துண்டு வீடியோல பாத்து கண்டுபிடிக்கறது கஷ்டம். வேணும்னே போய் சாகறவனை பத்து செகண்டுல சொல்லிடலாம். நல்லா ஆடினதே குற்றம்னு எப்படி சொல்றது? அன்னிக்கு அவனுக்கு எல்லாம் சரியா அமைஞ்சிருக்கலாம். பத்து வருஷம் முன்னாடி பழைய டோட்டா (இதுக்கு முந்தின முதல் கேம்) ஆடிட்டு இப்போ புது ஐடில திரும்பி வந்தவரா இருக்கலாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல ஊறினவர் இங்க வந்தா க்ரீப் அடிக்கறது முதல் நாள்லயே வரும். அவங்க ஸ்மர்ஃப் இல்ல, அவங்களுக்கு வேற ஐடியே கிடையாது.

இதனால கீழ் ரேங்க்ல ஒரு கெட்ட பழக்கம் வந்துருச்சு, தோத்தா உடனே எதிராளி ஸ்மர்ஃப்னு சேட்ல கத்துறது. ப்ரொஃபைல் ப்ரைவேட்டா வச்சிருந்தா ஸ்மர்ஃப், ஒருத்தன் தொடர்ந்து மூணு கில் எடுத்தா ஸ்மர்ஃப். இது ரொம்ப தப்பு, நிஜமாவே முன்னேறி வர்ற ஒருத்தனோட சந்தோஷத்தைப் பறிக்கிற வேலை இது. ஸ்மர்ஃபிங் பண்ற பெரிய கெடுதல்ல இதுவும் சேத்தி, யார் நல்லா ஆடினாலும் சந்தேகப்படற மனசை வளத்து விட்டுருச்சு.

இப்போ அந்த ஒரு மார்க். நூறு மணி நேர விதியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு யோசிச்சுப் பாருங்க. ஸ்மர்ஃப் பண்ண நினைக்கிறவன் அந்த நூறு மணி நேரத்தை எங்க கழிப்பான்? அன்ராங்க்டுல. அங்க யார் இருப்பாங்க? கேமை முதல் தடவை திறந்து, டவர் எது ஜங்கிள் எதுன்னு இப்போதான் பாத்துட்டு இருக்கற நிஜமான புது ஆள். ரேங்க்டுல இருக்கற என்னைக் காப்பாத்தற பூட்டு, இன்னிக்கு இன்ஸ்டால் பண்ணவனைக் காப்பாத்தல, சொல்லப்போனா அவன் இருக்கற இடத்துலதான் அந்த ஆளைக் கொண்டு போய் விடுது. அன்ராங்க்டுலயும் உள்ளுக்குள்ள ஒரு மறைமுக ரேட்டிங் ஓடுது, நல்லா ஆடுறவனை சீக்கிரம் மேல தள்ளும்தான், ஆனாலும் தள்ளறதுக்கு முன்னாடி சில மேட்ச் நடந்தே ஆகணும், அந்த சில மேட்ச்ல எதிர்ல நிக்கறவன் வாழ்க்கைல முதல் அல்லது ரெண்டாவது டோட்டா மேட்ச் ஆடிட்டு இருப்பான். டோட்டா ஏற்கனவே நூத்துக்கும் மேல ஹீரோ, எக்கச்சக்க ஐட்டம்னு கத்துக்கறதுக்கே மலை மாதிரி இருக்கற கேம். அதுல முதல் வாரத்துலயே இப்படி ஒருத்தன்கிட்ட மாட்டினா அவன் ரெண்டாவது வாரம் வரமாட்டான். புது ஆள் வரலன்னா கேம் என்னதான் பழசா இருந்தாலும் ஒரு நாள் காலியாகும், இது எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு.

சரி செகண்ட் ஐடி வச்சிருக்கறவன் எல்லாருமே கெட்டவனான்னு கேப்பீங்க. இல்ல. என் ஃப்ரெண்டு ஒருத்தர் டிவைன்ல இருக்கார், நான் அவருக்கு ரொம்ப கீழ. "மச்சான் உன்கூட ஆடணும்னுதானே இன்னொரு ஐடி போட்டேன்"னார். காரணம் கேக்க நல்லாதான் இருக்கு, நண்பன்கூட ஆடணும்ங்கற ஆசை தப்பே இல்ல. ஆனா எதிர்ல நிக்கற அஞ்சு பேருக்கு அவர் யார் ஃப்ரெண்டா இருந்தா என்ன, அடி அடிதானே. அதை அவர்கிட்டயே சொன்னேன், இப்போ நாங்க சேந்து ஆடுறது அவர் மெயின் ஐடில, அன்ராங்க்டுல, இல்லன்னா சீக்கிரம் முடியற டர்போ மோட்ல. மேட்ச் கொஞ்சம் கஷ்டமா வரும், எனக்கு எதிரா என்னைவிட பெரிய ஆளுங்க வருவாங்க, நிறைய சாவேன், பரவாயில்ல, அது நாங்க தெரிஞ்சே எடுத்துக்கிட்டது, வேற யார் தலையிலயும் கட்டல. வாலரண்ட்ல இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருக்காங்க, அஞ்சு பேரும் ஒண்ணா டீமா வந்தா எந்த ரேங்க்கா இருந்தாலும் சேந்து ரேங்க்டு ஆடலாம், ரேங்க் வித்தியாசம் ரொம்ப அதிகமா இருந்தா கிடைக்கிற பாயின்ட்டைக் குறைச்சுடுவாங்க. செகண்ட் ஐடி போடறதுக்கான நியாயமான காரணத்தையே எடுத்துட்டாங்க பாருங்க, அதுக்கப்புறமும் போடறவன் எதுக்குப் போடறான்னு தெளிவா தெரிஞ்சுடும்.

புது ஹீரோ பழகணும், மெயின் ரேங்க் இறங்கக் கூடாதுன்னு சொல்றவங்களும் உண்டு. அதுக்கு அன்ராங்க்டு இருக்கு, பாட் மேட்ச் இருக்கு, டெமோ மோட் இருக்கு. உங்க ரேங்க் இறங்காம இருக்கறதுக்காக அடுத்தவங்க ரேங்க் இறங்கணுமா?

ஸ்ட்ரீம் பண்றவங்க விஷயத்துல செஸ் உலகம் ஒரு நல்ல தீர்வு கண்டுபிடிச்சுது. பெரிய ப்ளேயர்ஸ் புது ஐடில கீழ இருந்து மேல ஏறி வந்து பாடம் எடுக்கற ஸ்பீட்ரன் வீடியோ நீங்க பாத்திருப்பீங்க. செஸ்.காம்ல அதை அனுமதி வாங்கித்தான் பண்ணணும், எதிர்ல தோத்தவங்களுக்கு இழந்த ரேட்டிங்கைத் திருப்பிக் குடுத்துடுறாங்க. வெளிப்படையா நடக்குது, யாருக்கும் பாயின்ட் நஷ்டம் இல்ல, பாக்கறவனுக்கு பாடமும் கிடைக்குது. டீம் கேம்ல "அன்ரேங்க்டு டூ இம்மார்ட்டல்"னு தலைப்பு போட்டு வீடியோ விடறவங்க ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது பேர் நேரத்தை எடுத்துதான் அந்த வியூஸ் வாங்கறாங்க, அந்த ஒன்பது பேர்ல யார்கிட்டயும் கேட்டதில்ல. நல்லா சொல்லிக் குடுக்கறவங்கதான் அதுல நிறைய பேர், அதனாலதான் இதை எழுதவே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா அதே பாடத்தை கீழ் ரேங்க் ரீப்ளேவைப் போட்டு நிறுத்தி நிறுத்தி விளக்கினாலும் சொல்லிக் குடுக்கலாம், இன்னும் நல்லாவே புரியும்.

பூஸ்டிங் பத்தி ரெண்டு வரி. காசு வாங்கிட்டு அடுத்தவன் ஐடிய ஆடி ஏத்திக் குடுக்கறது ஸ்மர்ஃபிங்கோட கூடப் பிறந்தது, விளைவும் அதேதான். தென் கொரியால இதுக்கு சட்டமே போட்டாங்க, 2019ல அமலுக்கு வந்துச்சு, தொழிலா பண்ணா ரெண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ரெண்டு கோடி வோன் வரை அபராதம். டோட்டாலயும் ஐடி வாங்கறது விக்கறது பூஸ்ட் பண்றது எல்லாத்துக்கும் பேன் உண்டு.

ரேங்க்டு ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு, தாராளமா வாங்க. க்ரூசேடர் ஆர்க்கான் ரேஞ்ச்ல சப்போர்ட் ஆடுறவனா சொல்றேன், பெரும்பாலான மேட்ச் நம்ம லெவல் ஆளுங்கதான் வர்றாங்க, தோத்தாலும் எதுக்குத் தோத்தோம்னு தெரியுது. பிஹேவியர் ஸ்கோரை மட்டும் கண்ணும் கருத்துமா பாத்துக்கோங்க, அதிகபட்சம் 12,000, அது மேல இருந்தா கூட வர்றவங்களும் ஒழுங்கான ஆளுங்களா இருப்பாங்க, பேன் ஆகி பேன் ஆகி புது ஐடில திரியறவன் தொல்லையும் குறையும். சந்தேகம் வந்தா சேட்ல சண்டை போடாதீங்க, மேட்ச் முடிஞ்சதும் ரீப்ளேல அந்த ஆளோட முதல் பத்து நிமிஷத்தை அவன் கேமராலயே ஓட விட்டுப் பாருங்க. லாஸ்ட் ஹிட் எப்படி எடுக்கறான், மினிமேப்பை எவ்ளோ அடிக்கடி பாக்கறான், யார் காணாம போனதும் பின்வாங்கறான்னு பாத்தாலே புது ஆளா பழைய ஆளான்னு தெரிஞ்சுடும். பழைய ஆள்னு தோணினா ரிப்போர்ட், இல்லன்னா அவன் எப்படி ஆடினான்னு கத்துக்கலாம்.

இன்னிக்குத்தான் முதல் தடவை இன்ஸ்டால் பண்றவங்களுக்கு, ஆரம்பத்துல கொஞ்ச நாள் பாட்கூட ஆடுங்க, தனியா அன்ராங்க்டு கியூ போடாதீங்க, தெரிஞ்சவங்க ஒருத்தராவது கூட இருக்கட்டும், அவங்களும் மெயின் ஐடிலயே வரட்டும். வால்வ்காரங்க அந்த முதல் நூறு மணி நேரத்துக்கு ஒரு தனி ஏற்பாடு பண்ணி, புது ஐடி ஒண்ணு முதல் ரெண்டு மேட்ச்லயே பழுத்த ஆட்டம் ஆடினா உடனே அதைத் தூக்கி மேல போட்டு போன் நம்பரையும் அங்கயே கேட்டாங்கன்னா, நான் பிடிச்சு வச்சிருக்கற மார்க்கையும் சேத்து அஞ்சா போட்டுடுறேன்.